ஹீட்டர் பிடிச்சாச்சா?

மாமா இருபது எண்ணுவார். வாய்விட்டு அல்ல. ஒரு கை ஹீட்டர் சுவிட்சைப் பிடித்திருக்கும். இன்னொரு கையின் கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் ஏறி இறங்கும். பார்க்கிறவர்களுக்கு ஜபம் மாதிரி இருக்கும். மாமா கோயில் பக்கம் போகிற ஆள் இல்லை. ஊட்டி பிங்கர்போஸ்ட்டில் ஒரு டீசல் அம்பாசடரை வைத்து டாக்ஸி ஓட்டியவர். ஜனவரி மாதம் காலை ஆறு மணிக்கு அவருக்கு அந்தச் சுவிட்சைத் தவிர வேறு தெய்வம் தேவைப்பட்டதில்லை.

இருபது ஆனதும் செல்ஃப் அடிப்பார். வண்டி நாலைந்து தடவை முனகும், வெள்ளையாக ஒரு மூச்சு விடும், மூன்று சிலிண்டரில் நொண்டும். பிறகு, கடைசியாக எழுந்து வருகிற பிள்ளை மாதிரி, நாலாவதும் வந்து சேர்ந்துகொள்ளும். எதிர்வீட்டு டாக்ஸிக்காரர் வாயில் பிரஷ்ஷோடு எட்டிப் பார்த்து, "ஹீட்டர் பிடிச்சாச்சா?" என்பார். அந்தத் தெருவில் காலை வணக்கம் அதுதான்.

இன்று என் காரில் எண்ண வேண்டிய வேலை இல்லை. சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டில் மஞ்சளாக ஒரு சுருள் எரியும், அவசரத்தில் பிழிந்த ஜிலேபி மாதிரி. இரண்டு வினாடியில் அணையும். அணைந்தால் எல்லாம் சரி என்று அர்த்தம் என பதினோரு வருஷம் நம்பியிருந்தேன். அணைந்தால் இரண்டு வினாடி ஆகிவிட்டது, அவ்வளவுதான் அர்த்தம்.

பட்டறையில் அதற்கு எப்போதும் 'ஹீட்டர் பிளக்' என்றுதான் பெயர். 'குளோ பிளக்' என்ற பெயரையே நான் எஸ்டிமேட் காகிதத்தில்தான் முதலில் படித்தேன். இந்தப் பொருள் இருப்பதே டீசல் எஞ்சினுக்குக் கொஞ்சம் மானக்கேடு. தீப்பொறி வேண்டாம், காற்றை நெருக்கினாலே அது சூடாகும், அந்தச் சூட்டில் எண்ணெயைப் பீச்சினால் தானே பற்றும் என்பதுதான் அந்த எஞ்சினின் பெருமையே. ஆனால் ஊட்டிக் காலையில், இரவெல்லாம் பனியில் கிடந்த இரும்பு, நெருக்கப்பட்ட காற்றின் சூட்டை முதல் ஆளாக உறிஞ்சிவிடும். எண்ணெய் போகும், பற்றாது. அதனால் சிலிண்டருக்கு ஒன்றாக, பென்சில் தடிமனில் ஒரு கம்பி. உள்ளே சுருள். கரண்ட் கொடுத்தால் செக்கச் சிவந்து எண்ணூறு டிகிரியைத் தாண்டும். சூடான பிறகு ஒரு பிளக் சுமார் 10 ஆம்பியர் இழுக்கும்; நாலுக்கும் சேர்த்து 40. கிட்டத்தட்ட 500 வாட். காலையில் முதல் வேலையாக பேட்டரி ஒரு மிக்ஸியை ஓட்ட வேண்டும், அந்தக் களைப்போடு செல்ஃபையும் சுற்ற வேண்டும். தொட்டவுடன் முதல் ஓரிரு வினாடிக்கு இழுப்பு இதைப்போல் இரண்டு மடங்கு. வீட்டில் மிக்ஸி போட்டால் விளக்கு ஒரு கணம் மங்குகிறதே, அதே கதை இங்கேயும். இந்த மங்கலை மறந்துவிடாதீர்கள். நான் மறந்ததால்தான் இந்தக் கதை இவ்வளவு நீளம்.

ஜெர்மன்காரர்கள் அந்தக் காத்திருப்புக்கு 'ருடால்ஃப் டீசல் நினைவு நிமிடம்' என்று கேலியாகப் பெயர் வைத்திருந்தார்கள். அந்த மனிதர் 1913 செப்டம்பரில் இங்கிலாந்து போகும் கப்பலில் இரவு தன் அறைக்குப் போனார். காலையில் ஆள் இல்லை. அவர் போய்ச் சேர்ந்த பிறகும் குளிர்ந்த ஊர்களில் எல்லாம் தினமும் காலையில் மௌன அஞ்சலி நடந்துகொண்டிருந்தது. இப்போது இரண்டு வினாடி. நம் சட்டசபையில்கூட இரண்டு நிமிஷம் கொடுக்கிறார்கள்.

1985 ஜனவரி. பொங்கல் லீவுக்கு நான் மாமா வீட்டில். பன்னிரண்டு வயது. மாமாவுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பதவி. ரேஸ் கோர்ஸ் புல்வெளி உப்புத் தூவியது மாதிரி வெள்ளையாகக் கிடந்த ஒரு காலை. மதராஸிலிருந்து வந்த புதுமணத் தம்பதியை ஏழு மணிக்குத் தொட்டபெட்டா கூட்டிப் போக வேண்டும். மாமா இருபது எண்ணினார். செல்ஃப் சுற்றியது. வெள்ளைப் புகை வந்தது. வண்டி எழவில்லை. நாற்பது எண்ணினார். இன்னும் கொஞ்சம் புகை. ஊட்டிக்காரர்கள் யாரும் இரவில் வண்டியைச் சமதளத்தில் நிறுத்துவதில்லை. இறக்கத்தில் மூக்கை வைத்து நிறுத்துவார்கள். உருட்டினோம். புகைவிட்டபடியே இறக்கத்தின் அடிக்குப் போய் நின்றது. இப்போது எழாத வண்டியோடு ஏறாத மேடும் சேர்ந்துகொண்டது.

தெரு கூடியது. இந்த மாதிரி நேரத்தில் கூடும் கூட்டத்தில் யாருக்கும் சந்தேகம் என்பதே இருக்காது. ஒருவர் நாசில் என்றார். ஒருவர் பேட்டரி என்றார். மாமா மட்டும் தீர்க்கமாக, "பம்ப்பு" என்றார். மாமாவுக்கு எல்லா நோயும் பம்ப்தான். கைப் பம்பை அடித்து, நட்டுகளைத் தளர்த்தி, ஒரு மணி நேரம் ஏர் எடுத்தார். கை முழுக்க டீசல். எதிர்வீட்டுக்காரர் எண்ணெய்த் துணியைக் கொளுத்தி ஏர் பில்டர் வாயில் பிடித்தார். அது ஒரு வைத்தியம்தான், சில நாள் பலிக்கும்; அன்று அவர் புருவத்தோடு முடிந்தது. மங்கி கேப் போட்ட மாப்பிள்ளையும் சால்வை போர்த்திய பெண்ணும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, கைகோத்துக்கொண்டு நடந்தே போனார்கள். அவர்களுக்கு அது ஒன்றும் பெரிய நஷ்டமாகத் தெரியவில்லை.

கடைசியில் 'செல்ஃப் டைனமோ' கடைக்கார அண்ணனைக் கூட்டிவரச் சொல்லி என்னை அனுப்பினார்கள். மேட்டுப்பாளையத்துக்காரர். வந்தார், கூட்டத்தைப் பார்த்தார், புகையின் மிச்சத்தைப் பார்த்தார்.

"வெள்ளப் பொகை வருதுங்களே. எண்ணெ போகுது, பத்தலை. பொகையே வராட்டித்தானுங்க பம்ப்ப சந்தேகப்படோணும்."

மாமா டீசல் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அண்ணன் வண்டிக்குள் விளக்கைப் போடச் சொன்னார். "இப்ப ஹீட்டரைப் புடிங்க." மாமா பிடித்தார். விளக்கு அசையவில்லை. "மங்கலீங்களே. நாலு பிளக்கும் இழுத்தா லைட்டு ஒரு சிமிட்டு சிமிட்டோணும்." அதுவரை அந்தத் தெருவில் ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை.

அவரிடம் இருந்தது ஒரே ஒரு கருவி. இரண்டு ஒயர் பற்றவைத்த பழைய ஹெட்லைட் பல்பு. பிளக் தலைகளிலிருந்து ஒயரைக் கழற்றினார். பல்பின் ஒரு ஒயரை பேட்டரி பாசிட்டிவில் வைத்து, இன்னொன்றால் ஒவ்வொரு பிளக் தலையையும் தொட்டார். பிளக்கின் மறுமுனை எஞ்சின் உடம்புதான், எர்த். உள்ளே சுருள் அறாமல் இருந்தால் பல்பு எரியும். நாலும் எரிந்தன. "நாலும் உசுரோட இருக்குதுங்க." பிறகு கழற்றிய ஒயரின் நுனிக்கும் எஞ்சினுக்கும் நடுவே பல்பைப் பிடித்தார். மாமா ஹீட்டரைப் பிடித்தார். பல்பு தூக்கக் கலக்கத்தில் கண் திறந்தது மாதிரி சிவப்பாக, சோம்பலாக எரிந்தது. சுவிட்சின் பின்னால் அதே பல்பு கண்ணைப் பறித்தது. அப்படியானால் கோளாறு சுவிட்சுக்கும் எஞ்சினுக்கும் நடுவில், ஒரு மீட்டர் ஒயருக்குள். அண்ணன் ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனார். தகரச் சுவரைத் தாண்டும் இடத்தில் கறுப்பு டேப் சுற்றிய ஒரு புடைப்பு. பிரித்தார். வெறுமனே முறுக்கிவிட்ட ஜாயின்ட். பச்சைக் களிம்பு பிடித்து, நாலைந்து இழைதான் பிடித்துக்கொண்டிருந்தது.

சின்ன டெஸ்டர் வைத்துப் பார்த்திருந்தால் அங்கே கரண்ட் இருக்கிறது என்றுதான் காட்டியிருக்கும். ஒற்றைப் புரியில் நிற்கிற கிணற்றுக் கயிறும் சும்மா தொங்கும்போது கயிறு மாதிரிதான் இருக்கும்; குடம் நிறைந்து மேலே வரும்போதுதான் சேதி தெரியும். அண்ணனின் பல்பு அந்தக் குடம். ஐந்து ஆம்பியர் கேட்டது. ஒயரால் கொடுக்க முடியவில்லை.

"யாருங்க இந்த ஜாயின்ட்டுப் போட்டது?"

மாமா தொட்டபெட்டா பக்கம் மேகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து மாமாவும் ஒரு ஹெட்லைட் பல்பு வைத்துக்கொண்டு அரை எலக்ட்ரீசியன் ஆனார். அரை என்பதில்தான் சிக்கல். குன்னூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் மேனேஜர் ஏலத்தில் எடுத்த பழைய டீசல் பென்ஸ் வைத்திருந்தார். அந்தக் கால பென்ஸில் ஹீட்டர் பிளக்குகள் கோயில் திருவிழா சீரியல் செட் மாதிரி ஒன்றின் வாலை ஒன்று பிடித்திருக்கும்; ஒன்று போனால் அத்தனையும் இருட்டு. எது போனது என்று கண்டுபிடிக்க ஒவ்வொன்றாகத் தாண்டி ஒயர் போட்டுப் பார்க்க வேண்டும். மாமா அதையெல்லாம் சரியாகத்தான் செய்தார். செத்ததைக் கண்டுபிடித்தும் விட்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். மிச்சம் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க, அம்பாசடர் பிளக்கைச் சோதிக்கிற வழக்கப்படி, நல்ல பிளக் ஒன்றைக் கழற்றி நேராக பேட்டரியில் வைத்தார். சீரியலில் கிடப்பது ஒவ்வொன்றும் சுமார் ஒரு வோல்ட்டுக்குப் பிறந்தது. பன்னிரண்டைப் பார்த்ததும் கேமரா பிளாஷ் மாதிரி ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். மேனேஜர் திட்டவில்லை. அடுத்த இரண்டு மாதம் அவருடைய கோயம்புத்தூர் சவாரிகளுக்கு மாமா வாடகை வாங்கவில்லை. அந்தக் கருகிய பிளக்கை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு அலமாரியில் வைத்துக்கொண்டார். கேட்டால், "பாடம்" என்பார். யாருக்கு என்று சொல்ல மாட்டார்.

உத்தர்பாராவில் அம்பாசடர் தயாரிப்பு 2014-இல் நின்றது. மாமாவின் வண்டி அதற்கு முன்பே எடைக்குப் போய்விட்டது.

நான் கோயம்புத்தூரில் இருக்கிறேன். என்னிடம் இருப்பது ஒரு சின்ன டீசல் கார். போன வருஷம் கார்த்திகையில் டேஷ்போர்டில் எஞ்சின் விளக்கு எரிய ஆரம்பித்தது. வண்டி எப்போதும்போல் எழுந்தது, ஓடியது. இப்போது வரும் டீசல் எஞ்சின்களுக்குக் கோயம்புத்தூர் வெயிலில் ஹீட்டர் பிளக் இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று. பழைய வண்டியில் ஒரு பிளக் செத்தால் தெருவுக்கே தெரியும். புதியதில் நாலும் செத்தாலும் அந்த விளக்குக்கு மட்டும்தான் தெரியும். மனைவி, கண்ணை உறுத்துகிறது என்று அதன்மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டினாள். ஒரு மாதம் அந்தச் சிகிச்சையில் ஓடியது.

பிறகு சர்வீஸ் சென்டர். ஏசி, காப்பி, சோபா. ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு கருவியைச் செருகினார்கள். அரை நிமிஷத்தில் பி 0380 என்று வந்தது. எனக்கு உண்மையிலேயே புல்லரித்தது. அன்று ஒரு தெருவே இரண்டு மணி நேரம் மல்லாடிய கேள்விக்கு அரை நிமிஷத்தில் பதில்.

"குளோ பிளக் போயிருக்கு சார்" என்றார் அட்வைசர் தம்பி. முகத்தில் அவ்வளவு நிம்மதி.

பி 0380 அப்படிச் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. ஹீட்டர் சர்க்யூட்டில் கோளாறு என்றுதான் அது சொல்கிறது. சர்க்யூட் என்றால் பேட்டரியில் புறப்பட்டு பியூஸ், ரிலே அல்லது கன்ட்ரோல் யூனிட், ஒயர், பிளக், எர்த் என்று ஊர் சுற்றி வீடு திரும்பும் மொத்தப் பாதை. எத்தனையாவது சிலிண்டர் என்றே சொல்லும் குறியீடுகளும் உண்டு, பி 0671 முதல் 0674 வரை. அவை வந்தால்கூட அந்தப் பிளக்கின் பாதையைத்தான் குற்றம் சொல்கின்றன, பிளக்கை அல்ல. 'காந்திபுரம் ரூட்டில் பிரச்சினை' என்று தகவல் வந்தால் யாரும் உடனே பஸ்ஸை மாற்ற மாட்டார்கள். இங்கே மாற்றினார்கள்.

மாற்றும் முன் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். பதினோரு வருஷக் கரி ஏறிய பிளக் கழற்றும்போது ஒடிந்து தலை உள்ளே நின்றுவிட்டால் கம்பெனி பொறுப்பல்ல. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் வாங்குவார்களே, அதே கையெழுத்து. பயம் நியாயமானதுதான், ஒடிந்தால் எஞ்சின் ஹெட்டையே இறக்க வேண்டி வரும். ஒடியவில்லை. நாலு புது பிளக். பழையதை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் கொடுத்தார் தம்பி. விளக்கு மூன்று நாள் எரியவில்லை. நாலாம் நாள் எரிந்தது.

"அப்போ கன்ட்ரோல் யூனிட்டா இருக்கும் சார்." மாற்றினார்கள். ஐந்து நாள் தாங்கியது. "ஈசியூவா இருக்கலாம் சார்" என்று எஞ்சினின் கம்ப்யூட்டரையே சொன்னபோது அவர் குரல் தாழ்ந்தது, எனக்கும் கொஞ்சம் தலை சுற்றியது. நடுவில் யாரும் எதையும் அளக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். கன்ட்ரோல் யூனிட்டுக்கு வரும் தடித்த ஒயரில் மல்ட்டிமீட்டரை வைத்து என்னிடமே காட்டினார்கள். 12.4 வோல்ட். புள்ளி நாலு வரைக்கும் தெரிகிற ஒரு கருவியை எதிர்த்துப் பேச யாரால் முடியும்? நான் அந்தக் கிணற்றுக் கயிற்றை நினைக்கவே இல்லை.

பொங்கலுக்கு மாமாவைப் பார்க்க ஊட்டி போனோம். மாமாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. ஒரு காது கேட்காது, நல்ல காது எது என்பதை நேரத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்வார். மாட்டுப் பொங்கலன்று விடிகாலை தலைகுந்தா போய்ப் பனி பார்க்கலாம் என்று பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள். ஆறு மணி. சாவியைத் திருப்பினேன். ஜிலேபி எரிந்தது, இரண்டு வினாடியில் அணைந்தது. எல்லாம் சரி. செல்ஃப். செல்ஃப். மறுபடி செல்ஃப். பின்னால் வெள்ளைப் புகை அடர்ந்து வந்து முற்றத்துத் துளசியை மறைத்தது.

ஜன்னலில் மங்கி கேப் தெரிந்தது. "பம்ப்பு" என்றார் மாமா.

நான் போனை எடுத்துத் தேட ஆரம்பித்தேன். விரல் மரத்திருந்தது, திரை அதை விரலாகவே ஏற்கவில்லை. மாமா கம்பளியோடு வெளியே வந்து புகையை முகர்ந்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"லைட்டு மங்குதா மாப்ள?"

ஹெட்லைட்டை எதிர்ச் சுவரில் அடித்துவிட்டுச் சாவியைத் திருப்பினேன். சுவரில் வெளிச்சம் வரைந்து வைத்தது மாதிரி நின்றது. சிமிட்டவில்லை. நாற்பது ஆம்பியர் போகும் வீட்டில் இப்படி ஓர் அமைதி இருக்கவே முடியாது. புது பிளக், புது கன்ட்ரோல் யூனிட், எதற்கும் சோறே போகவில்லை.

டிக்கியில் ஸ்பேர் பல்பு இருந்தது. மாமா அலமாரியிலிருந்து ஒயர் எடுத்துக் கொடுத்தார். பேட்டரியில் பல்பு பளிச். பியூஸ் பெட்டிக்கு முன்னால் பளிச். பியூஸுக்குப் பின்னால், நாற்பது வருஷத்துக்கு முன்பு பார்த்த அதே தூக்கக் கலக்கக் கண். பியூஸ் நன்றாகத்தான் இருந்தது, பட்டை அறவில்லை. அதை இறுக்கிப் பிடிக்கிற நட்டில் விரலை வைத்தேன். சுற்றியது. ஸ்பேனர் இல்லாமல், விரலோடு சுற்றியது. அடியில் ஒயர் நுனியின் திம்பிள் கருத்து, சுற்றியிருந்த பிளாஸ்டிக் பழுப்பாக இளகியிருந்தது. மீட்டர் கேட்கிற துளிக் கரண்டுக்கு அந்தத் தொடுதல் போதும். நாலு பிளக்குக்குப் போதாது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பத்தாம் நம்பர் ஸ்பேனரால் இறுக்கினேன். சாவியைத் திருப்பினேன். சுவரில் வெளிச்சம் ஒரு சிமிட்டு சிமிட்டியது. செல்ஃப் தொட்டதும் வண்டி எழுந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள், அவர்களுக்குப் பனிதான் முக்கியம்.

"யாரு போட்ட நட்டு இது?" என்றார் மாமா. அந்த நேரம் காது நன்றாகவே கேட்டது.

தீபாவளிக்கு முந்தைய வாரம் பேட்டரி மாற்றியது நான். அந்த பியூஸ் பெட்டி பேட்டரி கிளாம்ப்பின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. அதைக் கழற்றாமல் பேட்டரி வராது. வீடியோ பார்த்து, பையன் டார்ச் பிடிக்க, கையால் முறுக்கிவிட்டு, பிறகு ஸ்பேனர் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தது வரை ஞாபகம் இருக்கிறது. மூன்று வாரத்தில் கார்த்திகை வந்தது, விளக்கும் வந்தது. அட்வைசர் தம்பி கடைசியாக ஏதாவது வேலை பார்த்தீர்களா என்று கேட்டபோது, இல்லை என்றுதான் சொல்லியிருந்தேன். நான் தொட்டபெட்டா பக்கம் பார்த்தேன். மேகம் ஒன்றும் இல்லை.

சாயங்காலம் டிக்கியிலிருந்த கவர் ஞாபகம் வந்தது. பழைய நாலு பிளக்கையும் மாமாவின் மேஜையில் பரப்பி, பல்பு வைத்துத் தொட்டேன். நாலும் எரிந்தன. பல்பு எரிந்தால் சுருள் அறவில்லை என்று மட்டும்தான் உறுதி. ஆகவே மீட்டரிலும் பார்த்தேன். மீட்டர் ஒயர் இரண்டையும் முதலில் தங்களுக்குள் தொடவைத்து, அது காட்டுவதைக் கழித்தால் எல்லாமே ஒரு ஓமுக்குச் சற்றுக் கீழே, கிட்டத்தட்ட ஒரே அளவு. நல்ல ஆரோக்கியம். நேராக பேட்டரியில் வைத்துச் சிவக்கிறதா பார்க்கலாமே என்று மாமாவின் கை நீண்டது. இப்போது வரும் பிளக் சிலது நாலைந்து வோல்ட்டுக்குத்தான் என்று சொல்லித் தடுத்தேன். அவருக்கு உடனே புரிந்தது. அலமாரியிலிருந்து ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து, என் நாலையும் உள்ளே போட்டு மூடினார். பென்ஸ் பிளக் அடியில் கிடந்தது. பாட்டிலை விளக்குக்கு நேராகப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இருந்தாலும் கோயம்புத்தூர் போனதும் அந்தப் பம்ப்பையும் ஒரு தடவை காட்டிரு மாப்ள" என்றார்.